முதலில் யாரைப் பார்ப்பது? தாதியரின் தீர்மானமும் வீட்டாரின் சொல்லும்

"விடிய எழும்பி முதல் பஸ்சைப் பிடிச்சு வந்து துண்டு எடுத்துக்கொண்டு இருக்கிறம். பத்து மணிக்கு வந்த ஆளை உள்ளுக்குக் கூப்பிடுகினம். எங்களைப்போல இடம்பெயர்ந்த சனம் எண்டால் எல்லாருக்கும் இளக்காரம்தான்."

வைத்தியசாலை வாங்குகளில் இந்தக் கதை எழாத நாள் குறைவு. இதில் சில வேளை உண்மையும் உண்டு. தெரிந்த முகத்துக்கும் நல்ல உடுப்புக்கும் வழிவிடும் பழக்கம் எம் நாட்டில் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அப்படி நடந்தால் முறைப்பாடு செய்ய எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் வைத்தியசாலையில் பிந்தி வந்தவர் முந்திப் பார்க்கப்படுவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கிறது. அது கடமையிலுள்ள தாதி ஒரு சில நொடிகளில் எடுக்கும் தீர்மானம். அத்தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது, அதற்கு வீட்டார் எவ்வாறு உதவலாம், தம்மை அறியாமலே எவ்வாறு இடைஞ்சல் செய்கிறார்கள் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நாயாறு, செம்மலை, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் என்று நீளும் எமது கரையோரத்தில் இது வெறும் அறிவுக்கான விடயமன்று. 1984 டிசம்பரில் வயலையும் வாடியையும் விட்டு எழும்பிய குடும்பங்கள், 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது மீண்டும் இழந்தவர்கள், 2009இல் எல்லாவற்றையும் விட்டு நடந்தவர்கள் என்று பல தடவை இடம்பெயர்ந்த மக்கள் இங்கே வாழ்கிறார்கள். திரும்பி வந்தும் தமது காணிக்குள் கால் வைக்க முடியாதோர் இன்னும் இருக்கிறார்கள். பெரிய வைத்தியசாலை வேண்டுமென்றால் முல்லைத்தீவு மாஞ்சோலைக்குப் போகவேண்டும். மாரியில் களப்பு நிறைந்து பாதைக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களில் அந்தத் தூரம் இரண்டு மடங்காகிவிடும். ஆகவே எப்போது புறப்படுவது, போனபின் என்ன சொல்வது என்ற இரண்டும் எமக்கு உயிரோடு தொடர்புடைய கேள்விகள்.

வந்த வரிசையும் தேவையின் வரிசையும்

சங்கக் கடையில் வந்த ஒழுங்குப்படி சாமான் கொடுப்பதே நியாயம். வைத்தியசாலையில் அதுவே அநியாயமாகிவிடலாம். நெப்போலியனின் படையில் அறுவை வைத்தியராக இருந்த லாரே என்பவர், காயப்பட்டவர்களில் அதிகாரியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே வைத்தியம் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகின் எல்லா வைத்தியசாலைகளும் பின்பற்றும் ஒழுங்கு அதிலிருந்து வளர்ந்ததே.

தாதி முதலில் பார்ப்பது மூன்று விடயங்களை. மூச்சு வழி திறந்திருக்கிறதா, மூச்சு போதுமா, இரத்தம் உடலெங்கும் ஓடுகிறதா? இவற்றில் ஒன்று தடைப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதற்கு அடுத்தபடியாக நினைவு, அதற்குப் பிறகுதான் நோவு. காலை முறித்துக்கொண்டு துடிக்கும் வாலிபனுக்கு நோவு பெரிது, அவன் கத்துகிறான். கத்துகிறவனுக்கு மூச்சு வருகிறது என்பது தாதிக்குத் தெரியும். பக்கத்தில் தாயின் தோளில் சோர்ந்து கிடக்கும் குழந்தை அழவில்லை. தாயும் "நித்திரை கொள்ளுது" என்று எண்ணிச் சும்மா இருக்கிறாள். அனுபவமுள்ள தாதி அந்த வாலிபனைத் தாண்டி இந்தக் குழந்தையிடம்தான் வருவார். அழுகிற பிள்ளையைவிட அழ முடியாத பிள்ளையே ஆபத்தில் இருக்கிறது. வாலிபனைக் கூட்டிவந்தவர்கள் அப்போது ஏசுவார்கள். அவருடைய நோவுக்கு மருந்து தரமாட்டார்கள் என்பதல்ல, ஐந்து நிமிடம் பிந்தித் தருவார்கள் என்பதே பொருள்.

யாரை முன்னே விடுவது என்ற தீர்மானம் எவ்வளவு கனமானது என்பதை வன்னி மக்களுக்கு வேறெவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2009 பெப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளன் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் காயக்காரரையும் நோயாளரையும் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. உடன் சென்ற உறவினரையும் சேர்த்துப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவ்வாறு கரை சேர்ந்தார்கள். எல்லாரையும் ஒரே தடவையில் ஏற்ற முடியவில்லை. யார் இன்றைக்கு, யார் அடுத்த தடவைக்கு என்று கரையில் நின்று பிரித்தவர்கள் அங்கே மிஞ்சியிருந்த மருத்துவப் பணியாளர்களே. அடுத்த கப்பல் எப்போது வரும் என்பது அவர்களுக்கும் தெரியாது. அந்த நாட்களைக் கடந்த குடும்பங்கள் இன்று ஒரு வாங்கில் காத்திருக்கும்போதும் "எங்களை விட்டிடுவினமோ" என்று பதறுவதில் நாம் வியப்படையவில்லை. அந்தப் பதற்றத்தைத் தாதியரும் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பது எமது கருத்து. "உங்களை மறக்கேல்ல அம்மா, இந்தப் பிள்ளையைப் பார்த்திட்டு வாறன்" என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்?

சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும் நேரம்

"மிஸ் வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டுப் போட்டா, ஒண்டும் செய்யேல்ல" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிக்கொண்டு நின்றிருப்பார். உடல் தளரத் தொடங்கும்போது முதலில் மாறுவதில் ஒன்று மூச்சின் வேகம். குருதி அமுக்கம், அதாவது நாம் பிறசர் என்று சொல்வது, பல வேளைகளில் கடைசிவரை சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். மூச்சு அப்படி ஏமாற்றுவது குறைவு.

வளர்ந்தவர் ஒருவர் ஆறுதலாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்செடுப்பார். 25ஐத் தாண்டினால் தாதி உடனே வைத்தியரைக் கூப்பிடுவார். சிறுபிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. இருமலோடு சேர்ந்து வந்தால் நியூமோனியாக் காய்ச்சலைச் சந்தேகிக்கவேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பகுதி உட்குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, புறப்படவேண்டும். இந்த எண்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது, வைத்தியர் இல்லாத ஊர்களில் சாதாரண சுகாதாரத் தொண்டர்களும் பயன்படுத்தவேண்டும் என்பதற்காகவே. பிள்ளை நித்திரையாகவோ அமைதியாகவோ இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு ஒரு நிமிடம் எண்ணினால் தாயாலும் முடியும். அழும்போது எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

பிரித்தானியாவில் 2012இல் தொடங்கிய ஒரு முறையில் மூச்சு, நாடி, அமுக்கம், உஷ்ணம், நினைவு முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு, கூட்டுத்தொகை ஏறினால் வைத்தியரை அழைப்பார்கள். 2017இல் அதைத் திருத்தியபோது 'புதிதாக ஏற்பட்ட தடுமாற்றம்' என்பதையும் சேர்த்தார்கள். எமது வீடுகளில் மிகவும் கவனிக்கத் தவறும் அறிகுறி அதுவே. நேற்றுவரை ஒழுங்காகக் கதைத்த அப்பு இன்று மருமகளைப் பார்த்து "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்டால், "வயசு போட்டுது, அலட்டுறார்" என்று விட்டுவிடுகிறோம். அது சலத்தில் கிருமி ஏறியதாலும் இருக்கலாம், நியூமோனியாவாகவும் இருக்கலாம், சலரோகக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சீனி இறங்கியதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது என்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிவார். வாயில் விட்டால் புரையேறும் அளவுக்கு மயங்கிவிட்டால் எதையும் பருக்கக்கூடாது. அப்பு எப்போதும் இப்படியா, இன்றைக்குத்தான் இப்படியா என்பதைத் தாதி அறியமாட்டார். அவர் அப்புவை இன்றைக்குத்தான் முதன்முதலில் காண்கிறார்.

இந்த இடத்தில்தான் வீட்டாரின் பங்கு வருகிறது. தாதியின் கருவிகள் இப்போதைய நிலையைக் காட்டும். நேற்று எப்படி இருந்தது, காலையில் எப்படி இருந்தது என்பது பக்கத்தில் இருந்தவர்களிடம்தான் உண்டு. நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதைவிட எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதே பல வேளைகளில் தீர்மானத்தை முடிவுசெய்கிறது.

காய்ச்சல் விட்ட நாள்

டெங்குக் காய்ச்சலை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்நோயின் பொல்லாத குணம், காய்ச்சல் காயும்போது அல்ல, காய்ச்சல் விடும்போதே ஆபத்து தொடங்குவது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உஷ்ணம் இறங்கும். வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல். "காய்ச்சல் விட்டிட்டுது, துண்டு வெட்டித் தாங்கோ, அரிவி வெட்டு நடக்குது" என்று தகப்பன் கேட்பார். தாதி விடமாட்டார். அங்கே சண்டை தொடங்கும்.

நடப்பது இதுதான். அந்த நேரத்தில் சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் ஊறத் தொடங்கும். மண்பானை வெளியே கசிவதுபோல இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். குழாய்க்குள் மிஞ்சுவது தடித்த இரத்தம். இதயம் வேகமாக அடித்து ஈடுகொடுக்கப் பார்க்கும், கைகால் குளிரும். பிறசர் கருவி 100க்கு 80 என்று காட்டலாம். மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் பயமில்லை என்பார். தாதி இரண்டுக்குமிடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறார். வழமையில் 40 அளவில் இருக்கவேண்டிய அது 20க்குச் சுருங்கிவிட்டது. சேலைனோடு ஓடவேண்டிய நிலை அது.

சேலைன் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "ஒரு போத்தல் சேலைன்கூட ஏத்தேல்ல" என்பது எமது மக்களின் நிரந்தர முறைப்பாடு. சேலைன் ஏற்றினால்தான் வைத்தியம் நடந்தது என்று நினைக்கிறோம். டெங்கில் கூடுதலாக ஏற்றிய நீரும் அதே சுவர் வழியே கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சை முட்டவைக்கும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எனவேதான் எவ்வளவு குடித்தார், எவ்வளவு சலம் போனது என்று மணித்தியாலக் கணக்கில் அளந்து எழுதுகிறார்கள். இரக்கப்பட்டு ஆச்சி ஒளித்துக் கொடுக்கும் இரண்டு இளநீர் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். கொடுக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். சலத்தைக் கக்கூசில் ஊற்றமுன் அளவைக் காட்டுங்கள்.

வீட்டில் இருக்கும் டெங்குச் சந்தேக நோயாளியிடம் விடாத வாந்தி, வயிற்று நோ, கைகால் குளிர்தல், அமைதியின்மை அல்லது மயக்கச் சோர்வு, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, மூக்கிலோ முரசிலோ இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே, அந்த மணித்தியாலத்திலேயே கொண்டுபோகவேண்டும். காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவில் பனடோல் மட்டும். அஸ்பிரின், புறுபென், டைக்குளோபெனக் போன்ற நோக் குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் இரத்தப்போக்கு வரக்கூடும்.

பாம்பு கடித்தும் ஊசி போடாதது ஏன்?

இன்னொரு வழமையான கோபம் பாம்புக்கடி நோயாளரின் உறவினருடையது. வயலில் கடித்த ஒருவரை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடிவருகிறார்கள். வைத்தியசாலையில் அவரைப் படுக்கவைத்து, கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். விசத்துக்கான ஊசி அலுமாரியில் இருந்தும் போடவில்லை. வெளியே நிற்பவர்களுக்குக் கொதிக்கும்.

காரணம் இருக்கிறது. எமது நாட்டில் பாவிக்கும் விச எதிர்ப்பு மருந்து இந்தியாவில், குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் என்னும் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது பயன்படும். மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியனின் விசத்துக்கு அது உதவாது. அதோடு அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். உடல் தடிக்கும், மூச்சு முட்டும், அமுக்கம் விழும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாம்புக்கடி நோயாளரைக் கொண்டு இலங்கை வைத்தியர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் இந்தக் கடும் விளைவுகள் குறையும் என்று காட்டியது. அவ்வளவு தூரம் ஆராயவேண்டிய அளவுக்கு அந்த ஒவ்வாமை பெரிய பிரச்சினை. கடித்த எல்லாப் பாம்பும் விசத்தை இறக்குவதுமில்லை. ஆகவே விசம் ஏறியிருக்கிறது என்ற அறிகுறி கண்டபின்பே ஊசி.

அந்த அறிகுறியைத் தேடும் வழிதான் மேசையிலிருக்கும் கண்ணாடிக் குழாய். 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்திருந்தால் இப்போதைக்குப் பயமில்லை, சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் பார்க்கவேண்டும். உறையாமல் தண்ணீர்போல் ஓடினால் விரியன் வகை விசம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள், உடனே மருந்து தொடங்கும். இருபது நிமிடம் காத்திருப்பது அலட்சியம் அல்ல, பரிசோதனையே அதுதான்.

கட்டுவிரியனின் வழி வேறு. அது இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். தறப்பாள் கொட்டில்களில் வாழ்ந்த காலத்தில் எத்தனை பேர் இந்தப் பயத்தோடு கண்ணயர்ந்தோம்! கடித்தது பல வேளை தெரியவே தெரியாது; பல் அடையாளமும் இருக்காது. விடியப்புறம் வயிற்று நோவோடு எழும்புவார். "இரவு தின்ற சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கண்மடல் கனக்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், துப்பலை விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். "மேல பாருங்கோ, நாக்கை நீட்டுங்கோ, தலையை உயர்த்துங்கோ" என்று தாதி கால் மணிக்கொரு தடவை வந்து கேட்பது இதற்காகத்தான். காரணம் தெரியாத வயிற்று நோவோடு விடிய எழும்பியவர் நிலத்தில் படுத்தவர் என்றால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லவேண்டும்.

கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, கயிறு கொண்டு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கால் கையை அசையாமல் வைத்துக் கொண்டுவந்தால் போதும். பாம்பைத் தேடி அடித்துப் பையில் கொண்டுவரத் தேவையில்லை. வழியில் விசகடிப் பரியாரியாரிடம் இறங்கினால் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், என்ன கொடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்ற பயத்தில் மறைக்கப்படும் செய்திகளே தீர்மானத்தைப் பிழைக்கவைக்கின்றன. தாதியரும் ஏசுவதை நிறுத்தினால் இந்த மறைப்பு குறையும்.

"என்ன தொழில்?"

அனுமதிக்கும்போது கேட்கப்படும் இந்தக் கேள்வி பதிவுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காணியை இழந்து வேறொருவரின் வயலில் நாள் சம்பளத்துக்கு இறங்குபவர் "கூலி" என்று பதில் சொல்வார். சொந்தக் காணியில்லாதவர் தன்னை விவசாயி என்று சொல்லக் கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்தால் ஒரு தடயம் தொலைந்துபோகிறது. சேற்றில் நின்று வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலைத் தாதி நினைக்கவேண்டும். எலியின் சலம் கலந்த நீர் காலிலுள்ள சிறு வெடிப்பு, காயம் வழியே உட்புகுவதால் வரும் நோய் அது. 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தோடு பதிவானார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சில உயிர்களைப் பறித்த காய்ச்சலும் எலிக்காய்ச்சல் என்றே உறுதியானது. கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத நோ, கண் சிவத்தல், சலம் குறைதல், கண் மஞ்சளாதல் என்று அது முற்றும். சலம் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. ஆகவே "கூலி" என்று நிறுத்தாமல், "வயல் வேலை, போன கிழமை சேத்துக்குள்ள நிண்டனான்" என்று சொல்லுங்கள். பெரும்போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் தடுப்புக் குளிசை பற்றிச் சொல்வார். கூலிக்குப் போகிறவர்களுக்கும் அது உரியது.

பாய்க்கருகில் இருப்பவரும் தாதியே

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தின் பொங்காவ் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். முகாம்களில் வாந்திபேதி பரவியது. வைத்தியசாலையில் நிலத்திலும் நோயாளர், சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலானபிஸ் ஒரு தீர்மானம் எடுத்தார். இருக்கும் சேலைன் மயங்கி விழுந்தவர்களுக்கு மட்டும். குடிக்கக்கூடிய மற்ற எல்லாருக்கும் உப்பு, சோடா, குளுக்கோஸ் கலந்த நீர். லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. அதைப் பருக்கப் போதிய தாதியர் இல்லை. அகதிகளான தாய்மாரும் சகோதரரும்தான் பக்கத்திலிருந்து பருக்கினார்கள். வேறிடங்களில் நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்துகொண்டிருக்க, அங்கே அது நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் காலமான அவருக்கு அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூசண் வழங்கியது. எமது கடைகளில் கிடைக்கும் ஜீவனிப் பக்கற் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். பாதியைக் கரைத்துப் பாதியை மடித்து வைக்கக்கூடாது. ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. பிள்ளை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடரவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கண் உட்குழிந்து, கிள்ளிய தோல் ஆறுதலாகத் திரும்பி, குடிக்கவும் மாட்டாமல் பிள்ளை துவண்டால் வீட்டு வைத்தியம் அவ்வளவோடு சரி.

சொல்லும் விதம்

"மிஸ், பிள்ளைக்குச் சரியான வருத்தம், கெதியாப் பாருங்கோ" என்று வாட்டில் முப்பது பேர் சொல்கிறார்கள். முப்பதில் எதை எடுப்பது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மிஸ், விடிய பால் குடிச்ச பிள்ளை, மத்தியானத்துக்குப் பிறகு வாயில வைக்கேல்ல. பத்து மணிக்குப் பிறகு சலம் போகேல்ல. கூப்பிட்டாலும் கண்ணை வடிவாத் திறக்குதில்ல." இதில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மூன்று மாற்றங்களும் அவற்றின் நேரமும் உண்டு. இதைக் கேட்ட தாதி கையிலிருந்ததை வைத்துவிட்டு வருவார். வராவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள், வேறொருவரிடமும் சொல்லுங்கள். நிலை மாறியபின் மீண்டும் சொல்வது கரைச்சல் கொடுப்பதாகாது. சேலைன் முடிந்ததைச் சொல்ல ஓடுகிறோம், ஆள் மாறியதைச் சொல்லத் தயங்குகிறோம்.

காலை, பிற்பகல், இரவு என்று தாதியர் கடமை மாறும் நேரத்தில் ஒருவர் மற்றவரிடம் நோயாளரை ஒப்படைப்பார். அந்த வேளையில் சில விடயங்கள் தவறிப்போவது உலகெங்கும் உள்ளது. புதிதாக வந்தவரிடம் முக்கியமான ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லலாம்: "இவவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது." கர்ப்பிணிகளும் குழந்தை பெற்றவர்களும் தலையிடி, கண் மங்குதல், கூடிய இரத்தப்போக்கு ஆகியவற்றை எந்த நேரத்திலும் சொல்லவேண்டும், வெட்கமோ பயமோ கூடாது. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபின் என்றாலும் இது பொருந்தும்.

இரவில் ஊரில் நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சுவசெரிய என்ற இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வட மாகாணத்துக்கு வந்தது. பாதையில் வெள்ளம் என்றால் அதையும் அழைக்கும்போதே சொல்லி, எந்த இடம்வரை நீங்கள் கொண்டுவர முடியும் என்று பேசிக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய நாட்களில், சந்தேகமான நோயாளியைப் பாதை அறுமுன் பகலிலேயே நகர்த்திவிடுவது நல்லது. நிறைமாதக் கர்ப்பிணிகளைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரோடு முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

மேல் சிகிச்சைக்காக வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்பினால் மொழி தடுமாறலாம். அதற்கு ஒரு வழி, ஒரு கொப்பித் தாளில் நாளையும் நேரத்தையும் இலக்கத்தில் எழுதி வைப்பது. காய்ச்சல் தொடங்கிய திகதி, வாந்தியெடுத்த தடவைகள், கடைசியாகச் சலம் போன மணி, கொடுத்த குளிசையின் வெற்று அட்டை. இலக்கத்தை எவரும் வாசிப்பார்கள். அந்தத் தாளையும் கிளினிக் கொப்பியையும் பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். எழும்பி ஓடவேண்டி வந்தால் எதை முதலில் எடுப்பது என்று எம்மவருக்குத் தெரியும்; இந்தப் பை அதோடு சேர்ந்தே வரட்டும்.